எதிர்முனையில் யார்?

செயற்கைக்கோள் முதல் செல்போன் செயலி வரை: மனிதர்கள் பேசிக்கொள்வதையே கலையாக்கியவர்கள்

1980 நவம்பரில் ஒரு மாலை. நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலையரங்க வளாகத்தை ஒட்டி நடந்துபோனவர்கள் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னலுக்குள் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார்கள். முழு ஆளுயரம், கறுப்பு வெள்ளை. உள்ளே நின்றவர்களும் இவர்களைப் பார்த்தார்கள், கையசைத்தார்கள், பேசினார்கள். உண்மையில் அவர்கள் நின்றது ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்காவின் மறுகரையில், லாஸ் ஏஞ்சலஸின் செஞ்சுரி சிட்டியில் இருந்த ஒரு பெரிய கடையின் வாசலில். அங்கேயும் இதே மாதிரி ஒரு சன்னல், அதற்குள் நியூயார்க்வாசிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு செயற்கைக்கோள்.

அறிவிப்புப் பலகை கிடையாது. வழங்குவோர் பெயர் கிடையாது. என்ன ஏது என்று விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. கிட் காலோவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற இருவர் 'ஹோல் இன் ஸ்பேஸ்' என்ற பெயரில் மூன்று மாலைகள் நடத்திய கலைப்படைப்பு இது. கலைப்படைப்பு என்று தெரிந்து வந்தவர்கள் முதல் நாளில் யாருமே இல்லை. அந்த வழியாகப் போனவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுத் தெளிவதிலேயே பெரும்பாலும் அந்த மாலை கழிந்தது. இரண்டாம் மாலைக்குள் செய்தி வாய்மொழியாகப் பரவிவிட்டது. தொலைக்காட்சியிலும் செய்தி வந்தபிறகு மூன்றாம் மாலை கூட்டம் நெருக்கியடித்தது. ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்காத குடும்பத்தினர் போன் போட்டு நேரம் குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு கரையில் வந்து நின்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் சைகை விளையாட்டு விளையாடினார்கள்.

செயற்கைக்கோள் அன்றைக்குப் பெரிய அதிசயம். இன்றைக்கு அதைச் சொல்லி ஒருவரையும் அசத்த முடியாது. ஆறு வயதுக் குழந்தைகூட துபாயில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ கால் போடுகிறது. என்னை இந்தப் படைப்பில் பிடித்து நிறுத்துவது வேறொன்று. அந்தச் சன்னலில் எதிரே இருப்பவர் மட்டும்தான் தெரிந்தார். பேசுகிறவருக்குத் தன் முகம் எங்கேயும் தெரியவில்லை. தற்செயலாக அப்படி அமைந்துவிடவில்லை. தன் உருவத்தைக் காட்டும் திரை கவனத்தைத் திருப்பிவிடும் என்று இருவரும் யோசித்தே அதை வைக்காமல் விட்டார்கள். நம் வீடியோ கால் நேர்மாறு. அம்மா அங்கே பேசிக்கொண்டே இருப்பார். நம் கண் மட்டும் மூலையில் உள்ள சின்னக் கட்டத்துக்குப் போய், முடி கலைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். எதிராளியையும் நம்மையும் சேர்த்துப் பார்த்தபடி பேசுவது மனித வரலாற்றில் வெகு புதிய பழக்கம். கண்ணாடி முன் உட்கார்ந்து பெண் பார்க்கிற மாதிரி.

காலோவேயும் ராபினோவிட்ஸும் திடீரென்று இதற்கு வந்துவிடவில்லை. 1977லேயே நாசாவின் உதவியோடு, நாட்டின் இரு கோடிகளில் ஆடிய நடனக் கலைஞர்களை ஒரே திரையில் சேர்த்து ஆடவைத்துப் பார்த்தவர்கள். 1984ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தபோது கொரியர்கள், கறுப்பின மக்கள், ஹிஸ்பானிக் மக்கள் வாழும் பகுதிகளின் சாதாரண உணவகங்களை ஒரு கலை அருங்காட்சியகத்தோடு வீடியோவால் இணைத்தார்கள். ஒரே ஊரில் இருந்தும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் போகாதவர்களை இட்லிக்கடையில் உட்கார்ந்து பேசவைப்பதற்கு ஒப்பான வேலை. கண்டத்தைத் தாண்டுவதைவிட இதுதான் கடினம் என்று நினைக்கிறேன்.

44 ஆண்டுகள் கழித்து அதே நியூயார்க்கில் இன்னொரு சன்னல் திறந்தது. 2024 மே மாதம் ஃப்ளாட்அயர்ன் கட்டடத்துக்கு அருகே ஒரு பெரிய வட்டத் திரை; மறுபக்கம் அயர்லாந்தின் டப்ளின். பெயர் 'போர்ட்டல்'. லிதுவேனியாவைச் சேர்ந்த பெனெடிக்டஸ் கிலிஸின் யோசனை இது. 2021ல் வில்னியஸ் நகரையும் போலந்தின் லூப்ளின் நகரையும் இப்படி இணைத்து நல்ல பெயர் வாங்கியது. டப்ளின் விஷயத்தில் ஒரு வாரம் தாங்கவில்லை. எரியும் இரட்டைக் கோபுரங்களின் படத்தை ஒருவர் செல்போனில் எடுத்து நியூயார்க்வாசிகளுக்குக் காட்டினார். ஆடையை அவிழ்த்துக் காட்டியவர்களும் உண்டு. மூடிவிட்டு, கேமராவை நெருங்கினால் இருபக்கமும் படம் மங்கிப்போகும்படி மாற்றி, நேரக் கட்டுப்பாடும் வைத்து மறுபடி திறந்தார்கள். பிரிந்திருந்த உறவினர்கள் அங்கே வந்து ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்ததும் நடந்தது. செய்தியில் பெரிதாக வந்தது மற்றதுதான்.

ஊர்க்காரர்களின் ஒழுக்கத்தைப் பழிப்பது சுலபம். இரண்டு வித்தியாசங்களைப் பார்க்க வேண்டும். போர்ட்டலில் ஒலி இல்லை. பேச முடியாதவன் சைகையால்தான் கவனத்தை இழுக்க வேண்டும். சைகைப் போட்டியில் ஆபாசமானதும் குரூரமானதும்தான் முதலில் ஜெயிக்கும். இரண்டாவது, 1980ல் அந்தச் சன்னல் முன் நின்றவருக்கு அங்கிருந்து எடுத்துப்போக எதுவும் இல்லை. 2024ல் நின்றவருக்குப் பின்னால் நாலு செல்போன்கள் பதிவுசெய்துகொண்டிருந்தன. அவர் ஆடிக் காட்டியது கடலுக்கு அப்பால் இருந்தவருக்கு அல்ல, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கேமராவுக்கு.

நடுவில் கோகோ கோலா நிறுவனமும் இந்த யோசனையைக் கையில் எடுத்தது. 2013ல் டெல்லியிலும் லாகூரிலும் பானம் தரும் இயந்திரங்களில் நேரலைத் திரை வைத்து, இரு நாட்டவரும் திரையில் கையோடு கை வைத்தால் குளிர்பானம் கிடைக்கும் என்றது. பார்க்கிறவர் கண்ணில் நீர் வரவழைக்கும் விளம்பரம். கலைஞர்கள் வழங்குவோர் பெயரையே போடாமல் விட்ட இடத்தில், 33 ஆண்டுகளில் பெயர் மட்டுமே மிஞ்சும் அளவுக்கு வந்துவிட்டோம்.

இந்த இடத்தில் தமிழில் எழுதுகிறவன் கை தானாகத் திண்ணைக்குப் போகும். திண்ணையை இடித்துவிட்டு கேட் போட்டதால்தான் பேச்சு செத்தது என்று புலம்புவது நம் பத்திரிகைகளில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும், யார் அடுப்படியில் இருந்தபடி காதால் மட்டும் கேட்க வேண்டும் என்றெல்லாம் எழுதாத சட்டம் இருந்ததைப் புலம்பல்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். அன்று அடுப்படியில் இருந்தவர் இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

செல்போன் வந்து உறவு கெட்டது என்று சொல்லும் கலைக்கு உலகம் முழுக்க நல்ல மார்க்கெட். 2014ல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில், முகம் காட்டாத ஓவியர் பேங்க்ஸி ஒரு கதவின் மேல் வரைந்த 'மொபைல் லவ்வர்ஸ்' இதில் பிரபலம். ஆணும் பெண்ணும் கட்டித் தழுவி நிற்கிறார்கள். இருவர் கண்ணும் மற்றவர் தோளுக்கு மேலாகத் தன் தன் போனில். அதே காலகட்டத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் எரிக் பிக்கர்ஸ்கில், ஆட்களை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லி, கையில் இருந்த போனை மட்டும் எடுத்துவிட்டுப் படம் பிடித்தார். வெறுங்கையை உற்றுப் பார்த்தபடி படுக்கையில் முதுகைக் காட்டிக் கிடக்கும் தம்பதியின் படம் நினைவில் நிற்கும். ஆனாலும் இரண்டு படைப்பும் பார்த்த மாத்திரத்தில் முடிந்துபோகின்றன. ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததைத் தலையாட்டி ஆமோதிக்க வைக்கின்றன. அந்தப் போனின் எதிர்முனையில் யார், என்ன பேச்சு என்ற கேள்வியே எழுவதில்லை. மருத்துவமனையில் இருக்கும் தங்கையாகவும் இருக்கலாம்.

பேங்க்ஸியின் கதவுக்கு ஒரு உபகதை உண்டு. அது ஒரு பழைய இளைஞர் மன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த மன்றத்தார் ஓவியத்தைப் பெயர்த்தெடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். மாநகராட்சி அது எங்களுடையது என்றது. மன்றமே வைத்துக்கொள்ளட்டும் என்று பேங்க்ஸி கடிதம் எழுத, அது 4,03,000 பவுண்டுக்கு விலைபோனது. பிள்ளைகள் நேரில் கூடிப் பேசும் இடம் ஒன்று, பேச்சு செத்துவிட்டது என்று சொன்ன ஓவியத்தால் பிழைத்தது.

231 சின்னத் திரைகள்

இணையத்தில் மனிதர்கள் பேசிக்கொள்வது எப்படி ஒலிக்கும்? 2000ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருவர். மார்க் ஹான்சன், பெல் ஆய்வகத்தில் இருந்த புள்ளியியலாளர். பென் ரூபின், ஒலிக்கலைஞர். விளைவு 'லிசனிங் போஸ்ட்'. இருட்டறை. வளைந்த சட்டகத்தில் 11 வரிசை, வரிசைக்கு 21 என 231 குட்டித் திரைகள். ஒவ்வொன்றும் கடைகளில் பில் போடும் இயந்திரத்தில் தொகை காட்டும் திரை அளவுக்குத்தான். ஆயிரக்கணக்கான அரட்டை அறைகளிலும் பொது விவாதப் பக்கங்களிலும் அந்தக் கணத்தில் யார் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்த வரிகள் அவற்றில் ஓடும். உணர்ச்சியே இல்லாத கணினிக் குரல் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து வாசிக்கும்; பின்னால் இசை.

அதில் ஒரு காட்சி. கணினி, 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் சலித்தெடுக்கிறது. முதலில் வருபவை மிகச் சிறியவை. நான் இன்ன வயது. நான் இன்ன ஊர். பிறகு வாக்கியங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கின்றன. நீள நீள, வயதும் ஊரும் பின்னால் போய், ஆசையும் கோபமும் பயமும் ஏறுகின்றன. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, பதில் வந்ததா என்று எதுவும் தெரியாது. புள்ளியியலாளர் செய்தது சலிப்பதும் நீளவாரியாக அடுக்குவதும்தான். வேறு ஜோடனை இல்லை. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கோ, ராத்திரி ரயிலில் பெட்டி முழுவதும் தூக்கத்தில் பிதற்றுவது காதில் விழுவதுபோல் ஆகிவிடுகிறது.

2004ல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழா இதற்குத் தன் முதல் பரிசான 'கோல்டன் நிகா'வைக் கொடுத்தது. சரி, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுக் காட்சிக்கு வைக்கலாமா? பெயர் போடவில்லை, பொது இடத்தில் சொன்னதுதான் என்பது ஒரு பதில். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. டீக்கடையில் சொல்வதும் பொது இடத்தில் சொல்வதுதான். அதை ஒலிபெருக்கியில் வைத்தால் சொன்னவர் சும்மா இருப்பாரா? ஆனால், பிறகு நடந்ததோடு ஒப்பிட்டால் இந்த இருவரும் சந்நியாசிகள். நம் பேச்சையெல்லாம் இன்று சலித்து அடுக்குகிற நிறுவனங்கள் அதை இருட்டறையில் உட்காரவைத்து நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

தனக்கு வந்த ஒரே ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு ஒரு மண்டபத்தையே நிரப்பியவர் பிரான்ஸின் சோஃபி கால். காதலன் உறவை முறித்து எழுதிய அஞ்சல் அது. நீளமான, கவனமாகச் செதுக்கிய, தன்னை நியாயப்படுத்திக்கொண்டே போகிற கடிதம். முடிவில், உன்னைப் பார்த்துக்கொள் என்ற பொருளில் ஒரு விடைபெறல். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே 107 பெண்களிடம் கொடுத்து, உங்கள் தொழில் எதுவோ அதன் வழியாக இதைப் படித்துச் சொல்லுங்கள் என்றார். 2007 வெனிஸ் பியனாலேயில் பிரெஞ்சு மண்டபம் முழுக்க அந்தப் பதில்கள்தான். பிழைதிருத்துகிறவர் கூறியது கூறலுக்கெல்லாம் கோடு போட்டார். சட்டம் படித்தவர் சட்டமாகப் படித்தார். சதுரங்கம் ஆடுகிறவர் காய்களாகப் படித்தார். குறிபார்த்துச் சுடும் பெண் கடிதத்தைச் சுட்டே காட்டினார். நடிகைகளும் பாடகிகளும் ஆளுக்கொரு விதமாக வாசித்தார்கள். ஒரு கிளிக்கும் கொடுத்தார். அது அலகால் காகிதத்தைக் கிழித்துத் தின்றது. எல்லாரிலும் அந்தக் கிளிதான் விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது என்று தோன்றும்.

நள்ளிரவில் அவனிடமிருந்து வந்த ஒரு மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிகள் குழுவில் போட்டு, 'இதுக்கு என்னடி அர்த்தம்?' என்று கேட்காத பெண் இன்று உண்டா? சோஃபி கால் செய்தது அதையேதான், அரசாங்க மண்டபத்தில், 107 பேரை வைத்து. அந்தக் குழுப் பேச்சு எவ்வளவு கூர்மையான இலக்கிய விமர்சனம் என்பதை அவருக்கு முன் யாரும் இவ்வளவு மரியாதையோடு காட்டியதில்லை.

இப்படிச் செய்ய முடிவதற்கு ஒரு காரணம், பேச்சு இப்போது எழுத்தாக மிஞ்சுவது. நம் சினிமா இதைக் கலைஞர்களுக்குச் சளைக்காமல் பிடித்திருக்கிறது. 1996ல் வந்து, அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கித் தந்த 'காதல் கோட்டை'யில் காதலர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. கடிதமும் போனும்தான். நேருக்கு நேர் வந்தும் தெரியாமல் தாண்டிப் போகிறார்களே என்று தியேட்டர் பதறியது. 2022ல் பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே'. பெண்ணின் அப்பாவாக வரும் சத்யராஜ் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார்: ஒரு நாள் போனை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், படம் ஓடிவிடுகிறது. முதல் படத்தில் சிக்கல், அடுத்தவரைப் பற்றிப் போதுமான தகவல் இல்லை என்பது. இரண்டாவதில் சிக்கல், எல்லாத் தகவலும் இருப்பது. என்றோ யாரிடமோ விளையாட்டாகச் சொன்னது காற்றோடு போகாமல், தேதி மணியோடு போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கலைக்கூடங்களில் கேட்கப்படும் கேள்வியையே சத்யராஜ் முகத்தை வைத்துக் கேட்டுவிட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் கௌதம் மேனன் இயக்கிய 'கார்த்திக் டயல் செய்த எண்' குறும்படத்தில் சிம்புவும் த்ரிஷாவும் அவரவர் வீட்டில் இருந்தபடியே நடித்தார்கள். அந்தப் பேச்சில் இருந்த தயக்கம் நடிப்பா, நிஜமான தூரமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கொல்கத்தாவில் இருந்து கொதித்த தண்ணீர்

இந்த வகைப் படைப்புகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஒரு ஜெர்மன் நாடகக் குழுவினுடையது. 'ரிமினி புரோட்டோகோல்' என்ற பெயரில் இயங்கும் ஹெல்கார்ட் ஹாக், ஷ்டெஃபான் கேகி, டானியேல் வெட்ஸல் ஆகிய மூவர் 2005ல் 'கால் கட்டா' என்றொரு நாடகம் போட்டார்கள். மேடை இல்லை. பெர்லினில் டிக்கெட் வாங்கி வந்தவர் கையில் ஒரு செல்போனைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். போன் அடிக்கும். எதிர்முனையில் கொல்கத்தா சால்ட் லேக்கில் ஒரு கால் சென்டர் ஊழியர். இந்தப் பக்கம் திரும்புங்கள், அதோ அந்த முற்றத்தைக் கடந்து போங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, பெர்லின்காரர் தன் சொந்த ஊரில், அந்த ஊருக்கே வந்திராத ஒருவரின் குரலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் கதை, கேள்வி, கொஞ்சம் சீண்டல், சமயத்தில் பாட்டு.

சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று நேதாஜியுடையது. 1941ல் பெர்லினுக்கு வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், அடுத்த ஆண்டு அங்கிருந்து ஆசாத் ஹிந்த் வானொலியைத் தொடங்கினார். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அதில் செய்தி வாசித்தார்கள். அன்று பெர்லினில் இருந்து கிளம்பிய குரலுக்கு இங்கே ரகசியமாக வானொலிப் பெட்டியைத் திருகிக் காத்திருந்தார்கள். 63 ஆண்டுகள் கழித்து, எதிர்த் திசையில், கொல்கத்தாவில் இருந்து ஒரு குரல் போய் பெர்லின்காரருக்கு அவர் ஊர் வரலாற்றைச் சொல்லித் தருகிறது.

நள்ளிரவில் பழைய மகாபலிபுரம் சாலையில் கேப் ஏறிப் போன தலைமுறைக்கு இந்த நாடகத்தின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. கால் சென்டர் வேலை என்பதே தினசரி நாடகம். பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும், உச்சரிப்பை மாற்ற வேண்டும், இங்கே மணி என்ன என்பதைக் காட்டிக்கொள்ளக்கூடாது. அந்த வேடத்தைக் கலைத்து, நீ நீயாகவே பேசு என்று அதே நாற்காலியில், அதே ஹெட்போனோடு உட்காரவைத்ததுதான் அந்த மூவரின் சாமர்த்தியம்.

2008ல் இதை 'கால் கட்டா இன் எ பாக்ஸ்' என்று மாற்றினார்கள். ஐரோப்பிய நகரம் ஒன்றில் ஓர் அலுவலக அறை. பார்வையாளர் ஒருவர் மட்டும் உள்ளே. மேசை மேல் போன் அடிக்கும். எடுத்தால் கொல்கத்தா. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேச்சு. நடுவில், டீ குடிக்கிறீர்களா என்று விசாரிப்பு. அறை மூலையில் இருக்கும் கெட்டில் தானாகவே கொதிக்கத் தொடங்கும். சுவிட்சைப் போட்டது கொல்கத்தாவில் இருப்பவர். வித்தை என்று பார்த்தால் சின்ன வித்தை. ஆனால், வந்தவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் இருக்கிற பதற்றத்தை இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு மின்சுவிட்சால் காட்டியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

எதிர்முனையை எட்டுவதற்குக் கொஞ்சம் உடம்பு நோக வேண்டும் என்று நினைத்தவர் ரஃபேல் லொசானோ ஹெம்மர். மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழ்பவர். 2019 நவம்பரில் அமெரிக்காவின் எல் பாசோ, மெக்சிகோவின் ஹுவாரெஸ் ஆகிய இரட்டை நகரங்களில் 'பார்டர் டியூனர்' நடந்தது. நடுவே ஆறு, வேலி, காவல். இரு கரையிலும் பெரிய தேடுவிளக்குகள். ஒருவர் ஒரு குமிழைத் திருகினால் அவருடைய ஒளிக்கற்றை வானத்தில் நகரும். அக்கரையில் இன்னொருவர் திருகிக்கொண்டிருப்பார். இரண்டு கற்றையும் வானத்தில் சந்தித்தால் மட்டும் ஒலிவழி திறக்கும். மைக்கில் பேசலாம், பேசப் பேச ஒளி துடிக்கும். கற்றை விலகினால் பேச்சும் அறுந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் எல் பாசோவின் கடை ஒன்றில் மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிவைத்து ஒருவன் சுட்டுத் தள்ளியிருந்தான். பேச வேண்டிய நேரம் அது. போனில் பேசியிருக்க முடியாதா? முடியும், இரு நகரத்தாரும் தினமும் பேசுகிறவர்கள்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைத் தேடி வானத்தில் விளக்கைத் துழாவ வேண்டியிருந்ததால், கிடைத்த பிறகு யாரும் அவசரமாக வைத்துவிடவில்லை.

இப்போது எதிர்முனையில் மனிதர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். இது நேற்று வந்த சந்தேகமும் அல்ல. 1966ல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய 'எலைசா' என்ற நிரல், நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். அது வெறும் நிரல்தான் என்று தெரிந்த அவருடைய செயலாளரே அதனோடு பேசத் தொடங்கியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று வைசன்பாமை அறையைவிட்டு அனுப்பிவிட்டார். வைசன்பாம் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த மயக்கத்தை எச்சரிப்பதிலேயே கழித்தார்.

அமெரிக்கக் கலைஞர் லாரன் மெக்கார்த்தி எச்சரிக்கவில்லை. இயந்திரத்தின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொண்டார். 2017ல் தொடங்கிய 'லாரன்' என்ற படைப்பில், சம்மதித்தவர்களின் வீட்டில் கேமரா, மைக், விளக்கு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் பொருத்தி, நாள்கணக்கில் தொலைவில் இருந்தபடி இரவும் பகலும் அவரே அவற்றை இயக்குவார். அமேசானின் அலெக்ஸா செய்கிற வேலை; ஆனால் செய்வது மனுஷி. வீட்டுக்காரருக்கு அது தெரியும். விளக்கைப் போடு என்று சொல்வதற்கு முன்பே போடுவார். இவர் சோர்ந்திருக்கிறார் போலிருக்கிறதே என்று யோசித்துப் பாட்டு வைப்பார். தப்பாக யூகிப்பதும் உண்டு. இயந்திரம் நம்மைக் கவனிப்பதைப் பொருட்படுத்தாத நாம், அதே கவனிப்பை ஒரு மனுஷி செய்கிறாள் என்றதும் ஏன் நெளிகிறோம்? நெளிய வேண்டியது எதற்கு என்பதில் நமக்கு ஏதோ தலைகீழாகிவிட்டது.

பாதுகாப்பது எப்படி?

அருங்காட்சியகங்களுக்கு இதெல்லாம் தலைவலி. சிலையை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கலாம். பேச்சை என்ன செய்வது? அரட்டை அறைகள் மூடிவிட்டால் 'லிசனிங் போஸ்ட்' எதைக் கேட்கும்? எழுத்தாளரும் இயக்குநருமான மிராண்டா ஜூலை, ஹாரல் ஃபிளெச்சரோடு சேர்ந்து 2002 முதல் 2009 வரை இணையத்தில் பொதுமக்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவந்தார். யாருக்காவது தலை பின்னிவிடுங்கள், கட்டிலுக்கு அடியில் படம் எடுங்கள், பேச ஆசைப்பட்டும் பேச முடியாமல் போன தொலைபேசி உரையாடலை எழுதுங்கள் என்பது மாதிரி. 8,000க்கு மேற்பட்டவர்கள் செய்து அனுப்பினார்கள். சான் பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் 2010ல் அதை வாங்கிக்கொண்டது. எழுத்தும் படமும் ஆனதால் அது தப்பித்தது.

2014ல் அவர் செய்த இன்னொன்று தப்பவில்லை. 'சம்படி' என்ற செயலி. வெனிஸ் திரைப்பட விழாவில் அறிமுகமானது. உங்கள் நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பினால் அது அவர் போனுக்குப் போகாது. அவருக்கு அருகில் இருக்கும் முன்பின் தெரியாத இன்னொரு பயனருக்குப் போகும். அவர் நண்பரைத் தேடிப் போய், நீங்களாகவே நின்று அதை வாயால் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே சொல், கட்டிப்பிடித்துச் சொல் என்று நடிப்புக் குறிப்பும் சேர்த்து அனுப்பலாம். தூது போகிற தோழியும் பாணனும் நம் அகப்பாடல்களில் சலித்துப்போன அளவுக்கு உண்டு. ஆனால் அவர்கள் தெரிந்தவர்கள். இது ஊரில் எவனோ ஒருவன்.

செயலிக்கு வந்த சிக்கல் எளிமையானது. நண்பருக்கு அருகில் இன்னொரு பயனர் இருந்தால்தானே சொல்வார்? பெரிய நகரங்களிலேயே ஆள் போதவில்லை. சில கலைக்கூடங்களில், பயனர்கள் வந்து கூடுவதற்கென்று இடம் குறித்துப் பார்த்தார்கள். 2015 அக்டோபரில் மூடிவிட்டார்கள். செயலியோடு சேர்த்து மிராண்டா ஜூலை இயக்கிய சுமார் பத்து நிமிடக் குறும்படம் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் வந்து செய்தி சொல்வதை அதில் அழகாகப் பார்க்கலாம். எல்லாரும் நடிகர்கள்.